மான் கட்டையில் தொங்கிய ஆர்லன்

ஆர்லன் டெஷ்ஷின் ஓட்டுநர் உரிமத்தில் எடை நூற்றுத் தொண்ணூறு பவுண்டு என்று போட்டிருக்கிறது. அது அவர் முப்பத்தோரு வயதில் சொன்ன கணக்கு. அப்போதே அதில் கொஞ்சம் பொய் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை புதுப்பிக்கப் போகும்போதும் கவுன்டரில் இருக்கும் பெண் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்பாள். கண் இன்னும் நீலம்தான் என்பார் ஆர்லன். அவள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிடுவாள். இப்படி இருபத்தாறு வருடம் ஓடிப்போனது.

ஹேலி க்ரீக்கில் அவரைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரைத் தெரியாமல் அந்த ஊரில் எவரும் வளர்ந்துவிட முடியாது. பனிக்காலத்தில் படியில் உறைபனி பிடித்திருக்கும். பிள்ளைகள் இறங்கும்போது ஒவ்வொருவரிடமும் "கம்பியப் பிடி, கம்பியப் பிடி" என்று கத்துவார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு பிள்ளைகூட அந்தப் படியில் விழுந்ததில்லை. தன் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும் ஒரே சாதனை அதுதான் என்று அவருக்கே தெரியும்.

வேட்டையில் அவருக்குப் பெரிய பெயர் கிடையாது. மனைவி டார்லாவின் அண்ணன் வேய்னுக்குக் காட்டுக்குள் ஒரு வேட்டைக் குடிசை இருக்கிறது. நவம்பரில் ஒன்பது நாள் மான் சீசன். ஆண்கள் ஏழெட்டுப் பேர் அங்கேதான் கிடப்பார்கள். யாராவது மானைச் சுட்டுக் குறி தவறினால் அன்று சாயங்காலமே அவர் சட்டையின் பின்வாலை, பின்பக்கம் தொங்கும் கீழ்விளிம்பை, கத்தியால் அறுத்து, பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். வேய்னின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சுவரில் இப்போது பத்தொன்பது வால்கள் இருக்கின்றன. அதில் எட்டு ஆர்லனுடையவை. அந்தச் சுவரில் குளிர்காற்று புகாமல் இருப்பதே தன் புண்ணியத்தில்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் சீசனின் இரண்டாம் நாள். ஆர்லன் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாற்பது ஏக்கரில், ஓக் மரத்தில் கட்டிய பரணில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். பதினான்கு அடி உயரம். மான் ஒன்றும் வரவில்லை. பத்து மணிக்குக் காபி நினைப்பு வந்தது. காபி வண்டியில் இருந்தது, கைபேசியும் வண்டியில்தான் இருந்தது. இறங்கத் திரும்பினார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கம்பியைப் பிடிக்கச் சொன்ன மனிதர் அன்றைக்கு எதையும் பிடிக்கவில்லை. ஒரு கையில் சாசேஜ் துண்டு வேறு.

விழுந்ததில் மூன்று விலா எலும்பு முறிந்தது. வலது தோளில் காறை எலும்பு. நாலு மணி நேரம் பனியில் கிடந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் வரவில்லையே என்று டார்லாதான் தேடிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். டார்லா கேட்டாள் என்று கிறிஸ்துமஸ் விளக்கு மாட்ட ஏணியில் ஏறியபோது விழுந்ததாகச் சொல்லிவிடலாம் என்றார். வேய்னின் அப்பா நாற்பது வருடம் மரம் ஏறியவர், ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லை. அந்தக் குடிசையில் போய், சும்மா இறங்கும்போது விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது? குறி தவறியதற்கே சட்டைவாலை அறுக்கிறவர்கள், இதற்கு முழுக்கால்சட்டையையே உருவி ஆணியடிப்பார்கள் என்று ஆர்லன் பயந்தார்.

டார்லா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பொய் நன்றாகவே ஓடியது. ஆனால் பொய்க்கும் ஒரு செலவு உண்டு. அதை ஆர்லன் கொடுக்கவில்லை, டார்லா கொடுத்தாள். தேவாலயத்தில் பெண்கள், நாலு பல்புக்காக இந்த மனுஷனைக் கொல்லப் பார்த்தாயே என்று கேலி செய்தார்கள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளுக்கு 'பல்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேய்ன் வேறு, கையில் தட்டு வைத்துக்கொண்டே தங்கையைத் திட்டினார். அந்த ஆளை ஏணியில் ஏற்றினாயே, அவரைப் பார்த்தால் ஏணியில் ஏறுகிற ஆள் மாதிரியா இருக்கிறது என்றார். ஆர்லன் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். பாவம் அவளைத் திட்டாதே என்று பெருந்தன்மையாக ஒரு வார்த்தையும் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் அவருக்கு இப்போதும் காது சுடும்.

இந்த அக்டோபரில் டார்லா பேசினாள். நிறையப் பேசவில்லை.

"உடம்புல கட்டுற பாதுகாப்புப் பட்டை வாங்கி மாட்டிட்டுதான் மரத்துல ஏறணும். மாட்டி எனக்குக் காட்டு. உன்னத் தாங்குதான்னு நான் கண்ணால பாக்கணும். இல்லேன்னா நீ ஏற வேண்டாம்."

இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. ஆர்லன் ஷெட்டில் ஒரு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். வீட்டில் பேச்சு கனமாகும்போதெல்லாம் அவருக்கு ஷெட்டில் ஒரு வேலை வந்துவிடும். ஷெட் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

பாதுகாப்புப் பட்டை விற்கும் கடையில் ஜோலீன் இருந்தாள். பத்து வருடம் அவர் பேருந்தில் போய் வந்தவள்தான். எடை எவ்வளவு என்று கேட்டாள். பக்கத்தில் இரண்டு பேர் துப்பாக்கித் தோட்டா பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லன் உரிமத்தில் இருந்ததைச் சொன்னார். ஜோலீன் அவரை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். வளர்ப்பு நல்ல வளர்ப்பு, ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டது கையில்லாச் சட்டை மாதிரி இருந்த ஒன்று. அதில் பதினோரு பாக்கெட். உயிரைக் காக்குமா என்று பார்க்க வந்தவர், சாசேஜ் வைக்க எத்தனை இடம் இருக்கிறது என்று பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

கடையில் டி-ஷர்ட்டின் மேல் போட்டபோது சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கம்பளி உள்ளாடை, அதன்மேல் சட்டை, அதன்மேல் ஆரஞ்சு கோட்டு என்று நவம்பருக்கு உடுத்தி மாட்டினால் தொடைவாரின் இரண்டு முனையும் ஒரு சாண் தூரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. திரும்பப் போனார். இந்தத் தடவை, பெரியதாக இருந்தால் போயிற்று என்று, இருப்பதிலேயே பெரியதைக் கேட்டார். அதை மாட்டியபோது தோள்வார் முழங்கை வரைக்கும் நழுவியது. அதோடு மரத்திலிருந்து விழுந்தால் பட்டை மரத்திலும் தான் தரையிலும் இருப்போம் என்று அவருக்கே தெரிந்தது.

மூன்றாம் தடவை ஜோலீன் கடைக்குப் பின்னால் அழைத்துப்போனாள். சோள மூட்டை நிறுக்கும் எடைமேடை அங்கே இருந்தது. முழு உடுப்போடு ஏறி நிற்கச் சொன்னாள்.

"மிஸ்டர் ஆர்லன், எங்க எல்லாரையும் கம்பியப் புடிக்கச் சொல்லி உயிர வாங்கினீங்க. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. நம்பர நான் மட்டும் பாக்கறேன்."

ஆர்லனும் எட்டிப் பார்த்துவிட்டார். இருநூற்று எண்பத்தொன்று. கோட்டு, பூட்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் என்று ஜோலீன் ஆறுதல் சொன்னாள். அந்த பூட்ஸ் தொண்ணூறு பவுண்டு இருக்கும் என்றார் ஆர்லன். கடைசியில் அவள் எடுத்துக் கொடுத்ததில் பாக்கெட் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு வார்கள். முன்னூறு பவுண்டு வரைக்கும் தாங்கும். மத்தியானம் சாப்பிட்டாலும் தாங்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவள் இன்னும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினாள். ஏறுவதற்கு முன்னால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கிப் பார்க்க வேண்டும், அப்போது பக்கத்தில் கட்டாயம் ஓர் ஆள் இருக்க வேண்டும். கூடவே ஒரு சின்னப் பொட்டலத்தில் மிதிவார் ஒன்று இருக்கிறது. தொங்க நேர்ந்தால் தொடைவார் இறுக்கிக் காலில் ரத்தம் ஓடாது, கொஞ்ச நேரத்திலேயே ஆபத்தாகிவிடும். அந்த வாரில் காலை மாட்டி எழும்பி நின்றுகொள்ள வேண்டும். அது எப்போதும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஆர்லன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சீசனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மறுநாள் வேட்டை என்றால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று பள்ளிக்கே விடுமுறை விட்டிருந்தார்கள். டார்லா இரண்டு மணிக்கு வேலை முடிந்து வருவாள், வந்ததும் அவளுக்குத் தொங்கிக் காட்ட வேண்டும். அவள் முன்னால் அசடு வழியக் கூடாது, அதற்கு முன்னால் தனியாக ஒரு தடவை பழகிக்கொள்ளலாம் என்று ஆர்லனுக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றும் நல்ல யோசனைகள் எல்லாம் இந்த ரகம்தான்.

வீட்டு முன்னால், ரோட்டைப் பார்த்து, சுட்ட மானைத் தொங்கவிடும் கட்டை இருந்தது. இரண்டு கால் நட்டு மேலே குறுக்கே ஒரு கட்டை. அந்த ஊரில் அநேகமாக எல்லார் வீட்டிலும் உண்டு. சீசன் வந்துவிட்டால் போகிறவர்கள் வருகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி, யார் வீட்டுக் கட்டையில் என்ன தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆர்லன் வீட்டுக் கட்டையில் மூன்று வருடமாக ஒன்றும் தொங்கவில்லை.

முழு உடுப்பில், தலையில் ஆரஞ்சுத் தொப்பியோடு முக்காலியில் ஏறினார். கழுத்துக்குப் பின்னால் இருந்த வாரைக் கட்டையில் கொக்கிபோட்டு மாட்டினார். பட்டை நன்றாகத்தான் பிடித்திருந்தது. முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

பட்டை தாங்கியது. அதில் ஒரு குறையும் இல்லை. இறங்குவது எப்படி என்றுதான் அவர் யோசித்திருக்கவில்லை. கொக்கி தலைக்குப் பின்னால் மேலே இருந்தது. வலது கை போன வருடத்திலிருந்து காதுக்கு மேல் போவதில்லை. இடது கையை வளைத்தால் கோட்டு விடவில்லை. தன் எடை முழுக்க அதில் தொங்கும்போது கொக்கி திறக்கவும் திறக்காது. முக்காலி ஆறடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. மிதிவார் பொட்டலம் பிரிக்கப்படாமல் சமையலறை மேஜையில் இருந்தது. சட்டை மேலேறிப் பின்வால் வெளியே வந்து ஆடியது.

முதலில் வந்தது பாதிரியாருடைய மனைவியின் வண்டி. மெதுவாக்கினார். அந்தப் பக்கம் சில வீடுகளில் வைக்கோல் பொம்மைக்கு ஆரஞ்சு கோட்டு மாட்டி, மானே வேட்டைக்காரனைக் கட்டையில் தூக்கிய மாதிரி வேடிக்கைக்குத் தொங்கவிடுவது உண்டு. ஆர்லன் கையை ஆட்டிக் கத்தினார். கண்ணாடி மூடியிருந்தது. கையெல்லாம் ஆடுகிற பொம்மை என்று அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஹாரன் ஒன்று அடித்துவிட்டுப் போனார்.

பத்து நிமிடத்தில் பாதம் மரத்தது. பிறகு தொடை. போன வருடம் பனியில் கிடந்தபோதுகூட இவ்வளவு முட்டாள்தனமாகச் சாகப்போகிறோம் என்று அவர் நினைக்கவில்லை. அது காட்டில், வேட்டைக்காரன் மாதிரி. இது ரோட்டோரம், அலங்காரப் பொம்மை மாதிரி. அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

டார்லாவின் கார் உள்ளே திரும்பியது. இறங்கினாள், பார்த்தாள். ஓடவில்லை, ஆனால் வேகமாகத்தான் வந்தாள். குதிரைத் தீவன வாளியை எடுத்துக் கவிழ்த்து அவர் காலடியில் வைத்தாள். பாதம் வாளியில் பட்டது. எடை இறங்கியது. காலில் ஊசி ஊசியாக ரத்தம் ஓடியது. ஆர்லன் கண்ணை மூடி மூச்சு விட்டார்.

"கால் வருதா?"

"வருது. கொக்கியக் கழட்டு, டார்லா."

அவள் கழற்றவில்லை. முக்காலியை நிமிர்த்தி, அவருக்கு எதிரே போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நில்லு. உனக்கு இப்ப ஷெட்டுல வேல ஒண்ணும் இல்லையே."

ஆர்லன் ஒரு கேலி சொல்லப் பார்த்தார். அதற்குள் அவளே பேசினாள்.

"போன வருஷம் அன்னிக்கு நான் எப்படி வந்தேன்னு நீ ஒரு நாளும் கேக்கல. தூரத்துல ஆரஞ்சு கோட்டு தெரிஞ்சுது. கீழ. பனியில. அசையல. அங்கேருந்து உன்கிட்ட நடந்து வர்றதுக்குள்ள நான் உன்ன அடக்கம் பண்ணிட்டேன், ஆர்லன். எந்த சூட்டுப் போட்டு விடறதுன்னுகூட நெனச்சேன், அந்தச் சாம்பல் கலர் உனக்கு இப்ப பத்தாதேன்னு. கிட்ட வந்து மண்டி போட்டேன். நீ கண்ணத் தொறந்த. எனக்கு உசிரு வந்துது. நீ சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா? வேய்ன்கிட்ட சொல்லிடாதன்ன."

அவள் அழவில்லை.

ஆர்லன் அதை மறந்தே போயிருந்தார். அப்படிச் சொல்லியிருப்போம் என்பதில் சந்தேகமும் இல்லை. சட்டைவாலுக்குப் பயந்த ஒரு மனிதர் வேறு என்ன சொல்லியிருப்பார்? ஒரு வருடமாக அவள் தன்மேல் விழுந்த கேலியையெல்லாம் வாங்கிக்கொண்டு, இந்த ஒன்றையும் உள்ளே வைத்துக்கொண்டு, அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். வெட்கத்தில் அவருக்கு உடம்பு முழுக்கச் சுட்டது. எங்கேயாவது போய் ஒளிய வேண்டும் போலிருந்தது. ஓர் அடி நகர முடியவில்லை.

"நான் ஒரு மட்டமான ஆளு, டார்லா," என்றார்.

"அது எனக்குத் தெரியும். அது போதாது."

அப்போதுதான் ரோட்டில் வேய்னின் வண்டி நின்றது. குடிசைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிற வழி. வேய்ன் இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்து, கட்டையைப் பார்த்தார். மச்சினரைப் பார்த்தார். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"மூணு வருஷம் கழிச்சு உன் கட்டையில ஒண்ணு தொங்குதேன்னு சந்தோஷப்பட்டேன்யா. என்ன டார்லா, இந்த வருஷமும் லைட்டு மாட்ட ஏத்திட்டியா இவர?"

டார்லா அண்ணன் பக்கம் திரும்பவில்லை. ஆர்லனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் தயாராக இருந்தது. ஆமாம் வேய்ன், உன் தங்கச்சிக்கு பல்பு பைத்தியம் தீரல என்று சொன்னால் போதும். வேய்ன் சிரிப்பார், கொக்கியைக் கழற்றுவார், நாளைக்குக் குடிசையில் பீர் கிடைக்கும். ஒரு வருடம் பழகிய பொய், நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. ஆர்லன் வாயைத் திறந்தார்.

"லைட்டு மாட்டி நான் விழல, வேய்ன். போன வருஷம் ஓக் மரத்துப் பரண்லேருந்து விழுந்தேன். சும்மா எறங்கறப்ப. கையில சாசேஜ் வச்சிருந்தேன். நாலு மணி நேரம் பனியில கெடந்தேன். இவதான் கண்டுபிடிச்சா. லைட்டுன்னு சொல்லச் சொன்னது நான்."

வேய்னின் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

"அப்ப ஒரு வருஷமா நான் இவளையா திட்டிக்கிட்டிருந்தேன்?"

"ஆமா."

"நீ பக்கத்துல உக்காந்து தின்னுக்கிட்டிருந்த."

"உருளைக்கிழங்கு," என்றார் ஆர்லன்.

வேய்ன் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தார். ஆர்லனுக்குப் பின்னால் போனார். வெளியே தொங்கிய சட்டைவாலைப் பிடித்து, தையலோடு சேர்த்து ஒரே இழுப்பில் அறுத்தார். கட்டம்போட்ட ஃபிளானல், நல்ல சட்டை. வண்டியிலிருந்து பேனா கொண்டுவந்து அதில் பெயரையும் போன வருடத்தையும் எழுதினார். ஒன்பதாவது, என்று ஆர்லன் மனதுக்குள் எண்ணிக்கொண்டார்.

ஆனால் வேய்ன் அதைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளவில்லை. தங்கையிடம் நீட்டினார்.

"இது குடிசைக்கு இல்ல. நீயே வச்சுக்க. எங்க வேணுமோ அங்க அடி." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடு" என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு ஆர்லன் பார்த்ததில்லை. தான் டார்லாவிடம் அதைக் கேட்கவே இல்லை என்பது ஆர்லனுக்கு அப்போதுதான் உறைத்தது. கொக்கியில் மாட்டியபடியே கேட்டார். டார்லா சரி என்று சொல்லவில்லை. முக்காலியைப் பின்பக்கம் இழுத்துப் போட்டு ஏறிக் கொக்கியைக் கழற்றினாள்.

ஆர்லன் புல்லில் உட்கார்ந்து தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் மிதிவார் பொட்டலம், இன்னொரு கையில் சுத்தியலும் ஓர் ஆணியும். பொட்டலத்தைப் பிரித்து, வாரை அவர் கோட்டுப் பாக்கெட்டில் திணித்து, பித்தானைத் தானே போட்டுவிட்டாள்.

"தாங்குது. பாத்துட்டேன். நாளைக்குப் போயிட்டு வா."

பிறகு வாசல் பக்கம் போனாள். கூரை விளிம்பில், போன வருடம் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது. இந்த வருடம் அவள் விளக்கே எடுக்கவில்லை. அந்த ஆணிக்குப் பக்கத்தில் சட்டைவாலை வைத்து அடித்தாள், பெயர் ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாசல் விளக்கைப் போட்டால் அதன்மேல் நல்ல வெளிச்சம் விழுகிறது. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். டார்லா பதில் சொல்வதில்லை, ஆர்லனைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் சாசேஜிலிருந்து தொடங்கி முழுக்கதையையும் சொல்லி முடிக்க வேண்டும்.